திரி இல்லாத வெடி

எங்கள் மாவட்டத்தில் ஒருவர் ‘மருந்து’ என்று சொன்னால், எந்த மருந்து என்று கேட்டுக்கொள்வது உடம்புக்கு நல்லது. சிவகாசிப் பக்கம் மருந்து என்றால் அது வெடிக்கும். ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டிப் பக்கம் மருந்து என்றால், அதைப் போட்டுக் கட்டுவதற்குப் பேண்டேஜ் துணி நெய்துகொண்டிருப்பார்கள். காயத்துக்கும் கட்டுக்கும் ஒரே கலெக்டர். நடுவில் உட்கார்ந்திருக்கும் விருதுநகர் இரண்டையும் செய்யாது. வத்தல், மல்லி, உளுந்து, எண்ணெய் என்று ஊரான் விளைவித்ததற்கெல்லாம் விலை மட்டும் சொல்லும்.

இந்த மண்ணில் பிறந்த என் பெரியப்பா, 2021 கோடையில் ஒருநாள், கைவைத்த பனியன் ஒன்றைச் சொட்டு நீலத்தில் முக்கி, பிழியாமல் மாட்டிக்கொண்டு, மொட்டை மாடியில் உச்சி வெயிலில் போய் நின்றார். முழங்கை வழியாக நீலம் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஏங்க, இது என்ன கோலம்?” என்று பெரியம்மா கீழே இருந்து கத்தினார்.

“சும்மா இரு. கிருமி சாகுது.”

விஷயம் இதுதான். கலிபோர்னியாவில் ஏதோ சாயம் ஏற்றிய பருத்தித் துணி, வெயில் பட்டால் வைரஸைக் கொல்கிறது என்று அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருந்தது. வாட்ஸ்அப் செய்தி என்றால் வால் இல்லாமல் வராது. ‘இதை நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள், மாரியம்மனுக்கு மஞ்சள் சேலை கட்டுவதன் அறிவியல் இதுவே, நம் முன்னோர் முட்டாள்கள் அல்ல’ என்று அதிலும் வால் தொங்கியது. மஞ்சள் பெரியம்மாவின் கட்டுப்பாட்டில் இருந்தது. ஆகவே பெரியப்பா நீலத்தை எடுத்துக்கொண்டார்.

அவரைக் கீழே இறக்குவதற்காகத்தான் நான் சரித்திரத்தைப் புரட்டினேன். அவர் சொன்னதில் பாதி சரி. முன்னோர் முட்டாள்கள் இல்லை. ஆனால் அவர்கள் வேறு வேலையாக இருந்தார்கள்.

முதலில் நீலம். 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் விட்டார்கள். அது விருதுப்பட்டி வழியாகப் போனது. (ஊர் விருதுநகர் ஆனது 1923இல்.) அதே வருஷம்தான் தாது வருஷப் பஞ்சமும் பிறந்தது. வந்த ரயில் தானியம் கொண்டுவந்ததா, இருந்ததையும் ஏற்றிக்கொண்டு போனதா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. இங்கே ஜனங்கள் கஞ்சிக்கு வரிசையில் நின்ற அந்த வருஷத்தில், ஜெர்மனியில் சாயக் கம்பெனி வேதியியலாளர் ஹைன்ரிச் காரோ, மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைச் செய்தார். துணிக்குப் போடத்தான் செய்தார். வைரஸ் என்ற சொல்லுக்கு இன்றைய அர்த்தமே அப்போது வந்திருக்கவில்லை. 1891இல் பால் எர்லிக் அதே நீலத்தை மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஓரளவு கேட்டது. ஆனால் குடித்தவர்களுக்குச் சிறுநீர் நீலப் பச்சையாகப் போனது. குணமான மனிதனும் அலறிப்போவான்.

இந்த மெத்திலீன் நீலத்துக்கும் பெரியப்பாவின் சொட்டு நீலத்துக்கும், அவருக்கும் அமெரிக்க ஜனாதிபதிக்கும் உள்ள உறவுதான். இரண்டு பேரும் மனிதர்கள்.

அடுத்தது வெயில். 1877இல் டவுன்ஸ், பிளன்ட் என்று இரண்டு ஆங்கிலேயர்கள், கண்ணாடிக் குழாய்களில் சத்து நீரை ஊற்றிச் சிலதை வெயிலிலும் சிலதை மறைவிலும் வைத்தார்கள். மறைவில் இருந்தது கலங்கிப் புளித்தது. வெயிலில் இருந்தது தெளிவாகவே இருந்தது. வெளிச்சம் கிருமியைக் கொல்லும் என்று ராயல் சொசைட்டிக்கு எழுதினார்கள். எங்கள் பாட்டி, அம்மை கண்ட வீட்டுப் பாயையும் தலையணையையும் மூன்று நாள் வெயிலில் போடச் சொல்வாள். அவள் எந்தச் சொசைட்டிக்கும் எழுதவில்லை. எழுதத் தெரியாது என்பது ஒரு காரணம். ஏன் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை, கேட்டால் முதுகில் ஒன்று விழும் என்பது இன்னொரு காரணம்.

இனி இரண்டும் சேர வேண்டும். சேர்த்து வைத்தது ஒரு இடி.

மியூனிக்கில் தப்பைனர் என்ற பேராசிரியரிடம் ஆஸ்கர் ராப் என்று ஒரு மாணவன். 1897-98 குளிர்காலம். குட்டையில் நீந்தும் பரமீசியம் என்ற ஒற்றைச் செல் பிராணியை அக்ரிடின் சாயம் எவ்வளவு நேரத்தில் கொல்லும் என்று கடிகாரம் பார்த்து எழுதும் வேலை. பையன் எழுதினான். ஒருநாள் சீக்கிரம் செத்தது. இன்னொரு நாள் அதே சாயம், அதே அளவு, ஆனால் சாவேனா என்றது. நம் ஊர்க் கல்லூரியாக இருந்தால் லேப் அசிஸ்டென்ட் ‘ரீடிங் சரியா வரலைன்னா முன்னாடி பேட்ச் நோட்டைப் பாத்து எழுதிக்கப்பா’ என்று அன்போடு வழிகாட்டியிருப்பார், விஞ்ஞானம் அங்கேயே முடிந்திருக்கும். ராப் யோசித்தான். பிராணி சாகாத அன்று என்ன விசேஷம்? அன்று இடியும் மின்னலுமாக வானம் இருண்டு கிடந்தது. அப்படியானால் கொன்றது சாயம் மட்டும் இல்லை. சாயத்தின் மேல் விழுந்த வெளிச்சம்!

இடி இடித்தால் சிவகாசியில் வேலையை நிறுத்திவிட்டு ஆட்களை வெளியே அனுப்ப வேண்டும், சட்டமே அப்படி. மியூனிக்கில் அந்த இடிதான் வேலையை ஆரம்பித்து வைத்தது.

ராப் இதை 1900இல் அச்சிட்டான். இதற்கு ஆக்சிஜனும் வேண்டும் என்று பிறகு கண்டுகொண்டு, 1904இல் தப்பைனர் குழு ‘ஃபோட்டோடைனமிக்’ என்று பெயர் வைத்தது. மாணவன் கண்டுபிடிப்பதும் பேராசிரியர் பெயர் வைப்பதும் உலகெங்கும் உள்ள மரபு.

இந்தச் சாய வெளிச்ச வித்தை எப்படி வேலை செய்கிறது என்பதைச் சிவகாசிக்காரனுக்கு அரை நிமிஷத்தில் சொல்லிவிடலாம். மற்றவர்களுக்குத்தான் பாடப் புத்தகம் வேண்டும். வெடியில் என்ன இருக்கிறது? எரிவதற்குக் கந்தகமும் அலுமினியப் பவுடரும். எரிய வைக்கும் ஆக்சிஜனைக் கொடுக்க வெடியுப்பு. பற்ற வைக்கத் திரி. சாயத் துணியில் திரியும் இல்லை, வெடியுப்பும் இல்லை. வெளிச்சம் பட்டதும் சாயத்தின் மூலக்கூறு சூடேறிய ஆள் மாதிரி துள்ளுகிறது. துள்ளிய வேகத்தைப் பக்கத்தில் சும்மா போய்க்கொண்டிருக்கும் காற்று ஆக்சிஜனிடம் தள்ளிவிடுகிறது. தள்ளு வாங்கிய ஆக்சிஜனுக்கு சிங்லெட் ஆக்சிஜன் என்று பெயர். சாதாரண ஆக்சிஜன் சாது. இது அப்படி இல்லை. கையில் அகப்பட்ட கொழுப்பு, புரதம், மரபுச் சங்கிலி எல்லாவற்றையும் கிழித்துப் போடும். கொரோனா வைரஸ் என்பதே இந்த மூன்றாலும் கட்டிய பொட்டலம்தான். பொட்டலம் பிரிந்தால் ஆள் காலி.

ஆனால் இந்த ரௌடிக்கு ஆயுள் மிகக் குறைவு. ஒரு நொடியைப் பத்து லட்சம் துண்டாக நறுக்கினால், தண்ணீரில் அதற்குக் கிடைப்பது மூன்று நான்கு துண்டு. அதற்குள் எவ்வளவு தூரம் ஓட முடியும்? துணியைத் தொட்டுக்கொண்டிருக்கும் வைரஸ் சாகும். பக்கத்து சீட்டில் இருமுகிறவருடைய வைரஸ் உங்கள் சாயச் சட்டையைப் பார்த்துப் பயந்து ஓடாது. இருட்டில் துணி வெறும் துணி. நமத்துப்போன பட்டாசு மாதிரி.

2020 ஏப்ரல் 5ஆம் தேதி இரவு 9 மணிக்கு, பிரதமர் கேட்டபடி நாடே 9 நிமிஷம் விளக்கை அணைத்து அகல் ஏற்றியது நினைவிருக்கும். நாங்கள் அகலோடு நிற்போமா? போன தீபாவளி மிச்சத்தையும் எடுத்துக் கொளுத்தினோம். வெளிச்சம் இருந்தது, ஆக்சிஜன் இருந்தது, வைரஸும் இருந்தது. சாயம்தான் இல்லை. அதே வருஷம் நவம்பரில் ராஜஸ்தானும் ஒடிசாவும் டெல்லியும், கொரோனா நோயாளிக்குப் புகை ஆகாது என்று பட்டாசைத் தடை செய்தன. ஏழு மாதம் முன்பு கொரோனாவை விரட்ட வெடித்த வெடி, இப்போது கொரோனாவுக்கு உடந்தை. தீபாவளியை நம்பி வருஷம் முழுக்கத் திரி செருகிய வீடுகளில் அந்த நகைச்சுவைக்கு யாரும் சிரிக்கவில்லை.

சரித்திரத்துக்கு வருவோம். துணி, வெளிச்சம், வைரஸ் மூன்றையும் ஒரே அறையில் உட்கார வைத்தவர் டேனிஷ் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சன். ஆனால் தலைகீழாக. பெரியம்மை கண்டவரின் அறைக்குச் சிவப்புத் திரை போடுங்கள், சூரியனின் தீய கதிர்கள் உள்ளே வராமல் இருந்தால் தழும்பு குறையும் என்று 1893இல் எழுதினார். வெளிச்சத்தைத் தடுக்கத் துணி! ஐரோப்பாவில் பழைய வைத்தியர்கள் அரச குடும்பத்துப் பிள்ளைகளுக்கே அம்மை கண்டால் சிவப்புத் துணி சுற்றியிருக்கிறார்கள். இங்கே வேப்பிலையும் மஞ்சளும், அங்கே சிவப்புத் திரை. ஆத்தா எங்கும் உண்டு, நிறம்தான் வேறு. சிவப்புத் திரை நிலைக்கவில்லை. ஆனால் ஃபின்சன் தோல் காசநோய்க்கு ஒளியையே மருந்தாக்கி 1903இல் நோபல் பரிசு வாங்கினார். அந்த வருஷம் ஜூலை 15இல் விருதுப்பட்டியில் காமராஜர் பிறந்தார். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. எங்கள் ஊர்க்காரன் 1903 என்று எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் போனால் சோறு இறங்காது. பெரியம்மையைக் கடைசியில் ஒழித்தது திரையும் இல்லை, மஞ்சளும் இல்லை. தடுப்பூசி. 1980இல் உலக சுகாதார நிறுவனம் ஒழிந்தது என்று அறிவித்தது.

பெரியப்பாவின் ஜாதிக்காரர் (ஜாதி என்றால் தன்னையே சோதனைக்கு விட்டுக்கொள்ளும் ஜாதி) ஒருவர் ஜெர்மனியில் இருந்தார். பெயர் மேயர்-பெட்ஸ். இரத்தத்திலிருந்து எடுக்கும் ஹெமட்டோபோர்பைரின் என்ற நிறப்பொருள் எலியை வெயிலில் படாத பாடு படுத்துகிறது, மனிதனை என்ன செய்யும் என்று 1912 அக்டோபரில் 200 மில்லிகிராமைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். பிறகு வெளியே போனார். முகம் தவலைப்பானை மாதிரி வீங்கியது. இரண்டு மாதத்துக்கும் மேல் வெயிலைக் கண்டால் தோல் எரிந்தது. ஜெர்மனியின் அக்டோபர் வெயிலுக்கே இந்தக் கதி. அவர் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில், சித்திரை மாதம், சேவுப் பொட்டலத்தோடு கோவில்பட்டி பஸ்ஸுக்கு நின்றிருந்தால் அந்த ஆராய்ச்சிக் கட்டுரையை வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும்.

இனி நம் ஊர்ப் பக்கம். 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பி, மானம் பார்த்த பூமியில் நெருப்பைப் பயிரிட்டார்கள். மழை பெய்யாத ஊர் என்பது விவசாயிக்குச் சாபம். குச்சி காயப்போடுகிறவனுக்கு வரம். வண்ண மத்தாப்புக் குச்சி, தீப்பெட்டி, 1940களில் பட்டாசு, லேபிள் ஒட்ட அச்சகம் என்று அந்த ஒரு ரயில் டிக்கெட்டில் ஒரு ஊரே எழுந்தது. எனக்கு ஒரே ஒரு மனக்குறை. வங்காளத்தின் பெயரில் ரோஸ் பெங்கால் என்று ஒரு சாயம் அப்போதே உலகத்தில் இருந்தது. 1880களில் ருடால்ஃப் க்னேம் என்ற சுவிஸ்காரர் செய்தது, பெயரில்தான் வங்காளம். கண் மருத்துவர்கள் சொட்டு விட்டுப் பார்க்கும் அந்த ரோஜாச் சாயத்தையும் ஒரு பொட்டலம் வாங்கி வந்திருக்கலாம். ஆனால் வந்து என்ன செய்திருப்போம்? கமர்க்கட்டுக்குக் கலர் போட்டிருப்போம்.

1933இல் லண்டனில் பெர்ட்ரோ, டாட் என்ற இரண்டு பேர், மெத்திலீன் நீலத்தில் வைரஸைப் போட்டு வெளிச்சம் காட்டினால் அது செயலிழக்கிறது என்று எழுதினார்கள். அதோடு கதை முடிந்திருக்க வேண்டும் அல்லவா? சாயம் இருக்கிறது, சாயம் போடத் துணி இருக்கிறது. ஆனால் இந்த வித்தை கெட்டியாகத் துணியில் ஏற எண்பது தொண்ணூறு வருஷம் பிடித்தது. அதற்குக் காரணம் அருப்புக்கோட்டையில் எந்தச் சாயப்பட்டறையில் கேட்டாலும் சொல்வார்கள். சாயம் போட்ட நூலை எங்கே காயப்போடுவீர்கள்? நிழலில். ஏன்? வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். சாயம் வெளிச்சத்தை வாங்கி ஆக்சிஜனைத் தூண்டிவிடுகிறது; தூண்டப்பட்ட ஆக்சிஜன் பக்கத்தில் வைரஸ் இல்லாவிட்டால் தூண்டிவிட்டவனையே கடிக்கிறது. நல்ல சாயக்காரன் காலம் காலமாக வெளிச்சத்தைச் சட்டை பண்ணாத சாயத்தைத்தான் தேடினான். இந்த வித்தைக்கோ வெளிச்சத்தோடு வம்பு வளர்க்கும் சாயம் வேண்டும். ஜவுளிக்காரன் கழித்துப் போட்ட குணம்தான் இங்கே மூலதனம்.

2020இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் காங் சுன் என்ற ஜவுளிப் பேராசிரியரின் குழு அந்த வம்பைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. பருத்தித் துணிக்கு முதலில் நேர்மின் குணம் ஏற்றி, அதன்மேல் ரோஸ் பெங்காலைக் கெட்டியாக உட்கார வைத்தார்கள். பகல் வெளிச்சத்தில் ஒரு மணி நேரத்தில் பாக்டீரியாவில் 99.9999 சதவீதம் செத்தது. டி7 என்ற வைரஸ் அரை மணியில் செயலிழந்தது. கையால் பத்துத் தடவை துவைத்தாலும், ஏழு நாள் வெளிச்சத்தில் வைத்தாலும் சக்தி போகவில்லை. டி7 என்பது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ், கொரோனா இல்லை; வாட்ஸ்அப்பில் இந்த வரி மட்டும் உதிர்ந்துவிட்டது. கொரோனாவையே வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, பயன்படுத்திய முகக்கவசத்தில் அந்தப் பழைய மெத்திலீன் நீலத்தைத் தெளித்து வெளிச்சம் காட்டி, வைரஸ் செயலிழப்பதை நிரூபித்தார்கள். நம் நாட்டில் ஐஐடி மண்டியில் அமித் ஜெய்ஸ்வால் குழு வேறு வழி பிடித்தது. சாயத்துக்குப் பதில் மாலிப்டினம் சல்ஃபைடின் நுண்தகடுகள். வெயில் பட்டால் துணி கொதித்துக் கிருமியை அவித்துவிடும். மூன்று நிமிஷ வெயில் போதும், அறுபது துவைப்பு தாங்கும் என்றார்கள். மண்டி இருப்பது இமாசலத்தின் குளிரில். வெயிலின் தலைநகரம் இங்கே இருக்க, அவர்கள் அங்கே உட்கார்ந்து வெயில் துணி செய்கிறார்கள்!

இவ்வளவையும் மாடிப்படியில் உட்கார்ந்து பெரியப்பாவுக்குச் சொன்னேன். நீலம் காய்ந்து அவர் மார்பில் வரைபடம் மாதிரி ஆகியிருந்தது.

“அப்ப மஞ்சள்?” என்றார். விடுகிறவர் இல்லை.

மஞ்சளில் உள்ள குர்குமின் வெளிச்சத்தில் துள்ளும் சாயம்தான். நீல ஒளியில் கிருமியைக் கொல்வதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் சாம்பார் சிந்திய வெள்ளைச் சட்டையைப் பெரியம்மா என்ன செய்வார்? சோப்புப் போட்டு வெயிலில் போடுவார். சாயங்காலம் கறை இருக்காது. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போகும் மஞ்சள் சேலையும் அப்படித்தான். மஞ்சள் அடுத்தவனைக் கொன்று முடிப்பதற்குள் தானே போய்ச் சேர்ந்துவிடும்.

அவர் முகம் வாடிவிட்டது. எனக்கே பாவமாகப் போய், முன்னோர் கணக்கில் உண்மையாகவே வரவு வைக்கக்கூடிய ஒன்றைச் சொன்னேன். நாட்டு மருந்துக் கடையில் கார்போகரிசி என்று கேட்டால் கறுப்பாக ஒரு விதை கொடுப்பார்கள். வெண்படைக்கு அதை உபயோகித்து வெயிலில் நிற்கச் சொல்வது இந்த நாட்டில் பல நூற்றாண்டுப் பழக்கம். வெளிச்சம் பட்டால்தான் வேலை செய்யும் மருந்து! அதிலுள்ள சோரலென் வகையைச் சேர்ந்த, ஆய்வகத்தில் செய்த அமோட்டோசலென் என்ற பொருளைத் தான இரத்தத்தின் தட்டணுக்களில் கலந்து, புற ஊதா ஒளி காட்டி, உள்ளே ஒளிந்திருக்கும் வைரஸைச் செயலிழக்கச் செய்கிறார்கள் ஐரோப்பாவில். முன்னோர் வெண்படைக்குத்தான் செய்தார்கள். வைரஸை அவர்கள் கனவிலும் கண்டதில்லை.

“பாத்தியா? நான் சொல்லல?” என்று பெரியப்பா எழுந்தார். பத்து நிமிஷத்தில் அந்தத் தெருவுக்கே தெரிந்துவிட்டது, கலிபோர்னியாக்காரன் விருதுநகர் நாட்டு மருந்துக் கடையிலிருந்து திருடிவிட்டான் என்று.

இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் ஜவுளிப் பூங்கா என்று 2023இல் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணி, அருப்புக்கோட்டையின் சாயக் கைப்பழக்கம், சிவகாசியின் ஆக்சிஜன் அறிவு எல்லாம் அங்கிருந்து ஒரு பஸ் டிக்கெட் தூரம். வெயில் இலவசம். அந்த ஏக்கரில் ஒரு கொட்டகையாவது இதற்கு ஒதுக்குங்கள், ஐயா.

அதுவரை, யாராவது கடைக்காரர் வைரஸைக் கொல்லும் துணி என்று ஒன்றை நீட்டினால் இரண்டு கேள்வி கேளுங்கள் அண்ணாச்சி. எவ்வளவு வெளிச்சத்தில் எத்தனை நிமிஷம்? எத்தனை துவைப்பு வரை? இரண்டுக்கும் பதில் சொல்லாமல் 99.9 என்று மட்டும் சொன்னால், பணத்தை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பாவின் பனியன் இப்போது அவருடைய டி.வி.எஸ். ஃபிஃப்டியைத் துடைக்கிறது. நீலம் மட்டும் இன்னும் போகவில்லை.